இடப்பக்கம் சுற்றிய நூல்

டாமராக் ஏரி, மிச்சிகன்
ஏப்ரல் 12, 1958

அன்புள்ள லெஸ்டர் அண்ணனுக்கு,

நானும் ஆரினும் நன்றாக இருக்கிறோம். பனிக்காலம் முழுக்க எனக்கு முழங்கால் வலி, அவருக்கு இருமல். இரண்டும் பனியோடு கரைந்து போய்விட்டன. உன் உடம்பு எப்படி? அந்த மொன்டானா குளிரில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறாயா, இல்லை டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்கிறாயா? கேட்டால் சமைக்கிறேன் என்றுதான் சொல்வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் பனிக்கட்டி போன வாரம் உடைந்தது. அன்றிலிருந்து ஆரின் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. "என்னத்தப் பாக்குறீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். நேற்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்: "நீலச்செவுள் இன்னும் ஆழத்துலதான் கிடக்கும்." கை போன இந்த நாலரை வருஷத்தில் மீன் என்ற பேச்சே அவர் வாயில் வந்ததில்லை. எனக்குத் தட்டு கை நழுவப் பார்த்தது.

உடனே பிடித்துக்கொண்டேன். "வாங்களேன், புழுவும் தூண்டிலும் வெச்சு உக்காரலாம்" என்றேன். "நான் என்ன ஸ்கூல் பையனா? பூச்சித் தூண்டில் போட்டவன் புழுவைத் தொடமாட்டான்" என்றார். அந்தத் திமிருக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆனால் இறகிலும் மயிரிலும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசிப் பிடிக்க இரண்டு கை வேண்டாமா? வலது கை வீசும், இடது கைதானே நூலை இழுத்துப் பிடிக்கும்? இவருக்கு இடது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. பழைய மூங்கில் கோலையும் அந்த வருஷமே அடுப்பில் வைத்து எரித்துவிட்டார்.

நீ தூண்டில் கடையில் நிற்கிறவன். ஒரு கைக்காரர் நீலச்செவுள் மாதிரி, சட்டியில் முழுசாகப் பொரிக்கிற சின்னச் சட்டிமீனைப் பிடிக்க என்ன கோல், என்ன நூல், என்ன பூச்சி வேண்டும்? எழுது. இந்த மனுஷனை நாற்காலியிலிருந்து கிளப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை அண்ணா. ஆலையில் தகட்டை அழுத்தி வெட்டுகிற அச்சு யந்திரத்தில் இரண்டு பொத்தான் எதற்கு வைத்தான்? இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும், கை இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்றுதானே? வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பொத்தானைக் கயிற்றால் கட்டிவைத்தால் கை போகாமல் என்ன செய்யும்? விசாரணையில் "நான்தான் கட்டினேன்" என்று வாயைத் திறந்தார், அதோடு அவருக்கு ஆலைக் கதவும் மூடிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிக் காட்டாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

உடனே பதில் போடு.

உன் தங்கை
வெர்னா


லிவிங்ஸ்டன், மொன்டானா
ஏப்ரல் 24, 1958

அன்புத் தங்கச்சி வெர்னாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று உருளைக்கிழங்கு வேகவைத்தேன், ஆகவே சமைக்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை. உன் முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடு.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆரின் ஜன்னலில் நிற்கிறார் என்பதை மட்டும் இன்னும் இரண்டு தடவை.

இங்கே சட்டிமீன் என்று சொன்னாலே கடைக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆற்று மீனைத் தவிர மற்றதெல்லாம் இவர்களுக்குத் தவளைக்குச் சமம். அவர்கள் கிடக்கட்டும். நீலச்செவுளைப் போலக் கோலை வளைக்கிற மீன் அதன் அளவில் வேறு கிடையாது. உள்ளங்கை அகலம்தான், ஆனால் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கோல் ஏழடிக்கு மேல் வேண்டாம். கண்ணாடியிழைக் கோல், நுனியிலிருந்து பிடி வரைக்கும் நிதானமாக வளைகிறதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். விறைப்பான கோல் வேகமாக வீசச் சொல்லும், தோள் நோகும். நூல் அந்தக் கோலுக்குச் சொன்னதைவிட ஒரு படி கனமாக இருக்கட்டும். அப்போதுதான் இருபதடி மட்டும் வெளியே இருந்தாலும் கோல் அதைத் தூக்கி எறியும். ஏரிக்குள் நீளும் பலகைத் துறையில் உட்கார்ந்து வீசுகிறவருக்கு இருபதடிக்கு மேல் எதற்கு?

இனி இடது கை. அதற்கு வழி இருக்கிறது. சுருள்வில் வைத்த ரீல் ஒன்று உண்டு. இங்கே அதற்குச் சோம்பேறி ரீல் என்று பெயர், ஒருவரும் சீண்டமாட்டார்கள். கோலைப் பிடித்த கையின் சுண்டுவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் தளர்ந்த நூல் எல்லாம் விர்ரென்று உள்ளே ஓடிவிடும். ஆரின் பார்த்தால் முதலில் "இதென்ன பொம்மை?" என்பார். சொல்லட்டும், கொடு.

கொக்கி சின்னதாக இருக்க வேண்டும். நீலச்செவுளுக்கு வாய் சட்டைப் பொத்தான் அளவுதான். தக்கையில் செய்த பூச்சியும் ரப்பர்க் கால் சிலந்தியும் போதும். ஒரு கையால் பூச்சியை நூலில் கட்ட முடியாது. அதனால் நானே ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சாண் நரம்பு கட்டி, தலையில் கண்ணி போட்டு அனுப்புகிறேன். நூல் நுனியிலும் ஒரு கண்ணி இருக்கும், அதில் இதைக் கோத்துப் பல்லால் இழுத்தால் இறுகிவிடும்.

அவரிடம் சொல். தக்கை விழுந்ததும் தண்ணீரில் வட்டம் வட்டமாகக் கிளம்பும். கடைசி வட்டம் அடங்கும்வரை அசைக்கக் கூடாது. கை பறக்கும், ஆனாலும் பொறுக்க வேண்டும்.

அவரைத் திட்டாதே வெர்னா. நடந்தது நடந்துபோயிற்று.

உன் அண்ணன்
லெஸ்டர்


டாமராக் ஏரி
மே 5, 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை.

உன் பார்சல் வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பழைய கோல் வாங்கினேன். டவுனில் இரும்புக்கடைக்காரனிடம் போய்ப் பூச்சி கேட்டேன். "பெரிசா இருந்தாத்தான் மீனு கண்ணுல படும்மா" என்று கோழிக்குஞ்சு அளவுக்கு ஒன்றை எடுத்து நீட்டினான். நீ சின்னது என்று எழுதியிருந்தாய், நான்தான் அவன் பேச்சைக் கேட்டேன். எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் வீசினார். மீன் வந்தது, முத்தம் கொடுத்தது, போய்விட்டது. நாற்பது முத்தமாவது இருக்கும், ஒன்றுகூட மாட்டவில்லை. போதாக்குறைக்கு நூல் கழுத்தில் சுற்றிக்கொண்டது. இழுத்துவிட இன்னொரு கை இல்லை. நான் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். "நீ எதுக்கு வந்த?" என்று கத்தினார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அன்னைக்கு அந்தக் கயிறைக் கட்டாம இருந்திருந்தா இன்னைக்கு நான் ஏன் வரப்போறேன்?" என்று கேட்டுவிட்டேன்.

கோலைக் கொட்டகையில் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு நாளாகிறது, ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. சீக்கிரம் அனுப்பு அண்ணா.

வெர்னா


(இந்தக் கடிதம் எழுதப்பட்டது, அப்போது அனுப்பப்படவில்லை.)

லிவிங்ஸ்டன்
மே 14, 1958

அன்புத் தங்கச்சி வெர்னாவுக்கு,

உடம்பு விசாரிக்க இந்தக் கடிதத்தில் எனக்குத் தைரியம் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கயிற்றைக் கட்டியது ஆரின் இல்லை. நான்.

காலை ஷிப்டில் அந்த யந்திரத்தில் நான்தான் நின்றேன். இடது பொத்தானைக் கட்டிவிட்டால் ஒரு கையால் தகட்டை வைக்கலாம், ஒரு கையால் அழுத்தலாம். எல்லோரும் செய்தோம். சிலர் கம்பி கட்டுவார்கள், சிலர் மரச்சில்லு செருகுவார்கள். நான் மெழுகுக் கயிறு கட்டுவேன். ஷிப்ட் முடியும்போது அவிழ்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம், அதில் மட்டும் எல்லோரும் சுத்தம். அன்றைக்கு மூன்று மணிக்கு மணி அடித்ததும் எனக்கு ஏரி ஞாபகம்தான். காற்று இல்லாத செப்டம்பர் சாயங்காலம், நீலச்செவுள் மேலே வருகிற நாள். அவிழ்க்காமல் ஓடிவிட்டேன். அடுத்த ஷிப்டில் அங்கே நின்றவர் ஆரின். இரண்டு பொத்தானும் வேலை செய்கிறது என்று நம்பி, கோணலாக இருந்த தகட்டை இடது கையால் சரி செய்யப் போயிருக்கிறார். வலது கை பொத்தான்மேல் பட்டுவிட்டது.

அவர் கை போன நேரத்தில் நான் தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தேன் வெர்னா. பதினேழு பிடித்தேன். அதற்கப்புறம் நான் நீலச்செவுளைத் தொடவில்லை.

அவர் ஏன் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. வலியில் உளறினாரோ, தானே கட்டியதாக நினைத்துவிட்டாரோ. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும் என்று இங்கே ஓடிவந்துவிட்டேன். நீ அவரைத் திட்டுவதாக எழுதும்போதெல்லாம் அது எனக்கு விழ வேண்டிய திட்டு என்று தெரிகிறது. இனி அவரைத் திட்டாதே. என்னைத் திட்டு.

லெஸ்டர்


லிவிங்ஸ்டன்
மே 20, 1958

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். கோல், நூல், ரீல், மூன்று டஜன் பூச்சி எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கிறது. கொக்கியின் முள்ளை நசுக்கியிருக்கிறேன், ஒரு கையால் கழற்ற லேசாக இருக்கும். மீனைத் தொடை இடுக்கில் ஈரத்துணி விரித்துப் பிடிக்கச் சொல்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

லெஸ்டர்


டாமராக் ஏரி
ஜூன் 8, 1958

என் அருமை அண்ணனுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். இங்கே எங்களுக்கு என்ன குறை, வயிறு நிறைய மீன்!

நீ சொன்னபடியே ஆயிற்று. ரீலைப் பார்த்ததும் "இதென்னடி பொம்மை?" என்றார். சுண்டுவிரலால் ஒரு தடவை அழுத்தினார், விர்ரென்று ஓடியது. இன்னொரு தடவை. அப்புறம் அரைமணி நேரம் வீட்டுக்குள்ளேயே விர் விர் என்று அதே வேலை. பூனை அலமாரிமேல் ஏறிக்கொண்டது.

கரையோரச் சரளையில் நீலச்செவுள் இப்போது கூடு போட்டிருக்கிறது, தட்டுத் தட்டாக. ஆண் மீன் ஒவ்வொன்றிலும் நின்று காவல் காக்கிறது. இவர் பலகைத் துறையில் நாற்காலி போட்டு, தக்கையை விட்டு, நீ சொன்ன கடைசி வட்டம்வரை அசையாமல் இருக்கிறார். "இழுங்களேன்!" என்று எனக்கு வாய் துடிக்கும். "சும்மா இருடி" என்பார். அப்புறம் லேசாக ஒரு அசைப்பு, பொளக்கென்று ஒரு சத்தம். கூட்டைக் காக்கிற பெரிய ஆணை எல்லாம் திருப்பி விட்டுவிடுகிறார். "இவனப் புடிச்சா அந்தக் கூடு அவ்வளவுதான்" என்கிறார். மற்றவர்கள் வாளி வாளியாக அள்ளுகிறார்கள், இவர் ஒருத்தர் இப்படி. எட்டு மீன் கொண்டுவந்தார், சோளமாவில் புரட்டிப் பன்றிக்கொழுப்பில் பொரித்தேன். சாப்பிடும்போது சிரித்தார் அண்ணா. எதற்கு என்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

நீ கட்டிய கண்ணியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. தூண்டில் கோலில் வளையத்தை வைத்துச் சுற்றிக் கட்ட அப்பா நமக்குக் கற்றுக்கொடுத்த அதே கட்டு, முடிச்சே தெரியாமல் நுனி சுற்றுக்குள் புதைந்துபோகிற கட்டு. நீ இடதுகைக்காரன் என்பதால் உன்னுடையது மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். "உன் கட்டு கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு" என்று சின்ன வயதில் கேலி செய்வேனே! ஆரினும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். "யார் கட்டுனது?" என்றார். "எங்கண்ணன்தான், வேற யாரு?" என்றேன். "தெரியும்" என்றார். தெரிந்தால் ஏன் கேட்க வேண்டும்? வயசாகிறது அவருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
வெர்னா


டாமராக் ஏரி
ஜூன் 15, 1958

மச்சான் லெஸ்டருக்கு ஆரின் எழுதறது.

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். தாளைப் புடிச்சுக்கக் கை இல்லாததால எழுத்து ஓடும், நீதான் அனுசரிச்சுப் படிக்கணும். அவ சர்ச்சுக்குப் போயிருக்கா, அதான் எழுதறேன்.

கோல் தங்கம். ரீல் அதுக்கு மேல. இருபது மீன் புடிச்சிட்டேன்.

நீ சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும்டா. அன்னைக்கே தெரியும். கூட வேலை பாத்தவன்கிட்ட, போர்மன் வெட்டிப் போட்ட கயிறை எடுத்தாரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பாத்தேன். இடப்பக்கம் சுற்று. அந்த ஆலையில அப்படிக் கட்டுறவன் நீ ஒருத்தன்தான். வேற யார் கண்ணுலயும் பட வேண்டாம்னு நானே வெச்சுக்கிட்டேன். எரிச்சிருக்கணும், என்னமோ எரிக்கல.

ஏன் என் மேல போட்டுக்கிட்டேன்னு யோசிப்ப. கை போனது போனதுதான். உன் பேரைச் சொன்னா அது முளைக்கவா போவுது? வெர்னாவுக்கு அப்பா அம்மா இல்ல, எங்களுக்குப் புள்ளையும் இல்ல. இருக்குறது நீ ஒருத்தன். அவ என்னைத் திட்டுனா சாயங்காலத்துக்குள்ள ஆறிடும், ராத்திரி போர்வையும் போத்தி விடுவா. உன் மேல கோபம் வந்தா ஆறாது. அவ குணம் உனக்குத் தெரியாதா?

அதனால அவகிட்ட சொல்லாத. ஆனா ஒருதரம் வந்துட்டுப் போ. உன்னைப் பாத்து அஞ்சு வருஷமாச்சு. துறையில இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கு.

ஆரின்


லிவிங்ஸ்டன்
ஆகஸ்ட் 20, 1958

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். சீசனில் மூச்சுவிட நேரமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நலமா?

ஆரினுக்குக் கடிதம் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. அவரிடம் சொல், அவர் சொன்னபடியே செய்கிறேன் என்று. அவருக்குப் புரியும். அக்டோபர் முதல் வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்றும் சொல்.

லெஸ்டர்


டாமராக் ஏரி
செப்டம்பர் 14, 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

வருகிறாயா? நிஜமாகவா? மாடி அறைக்குப் புது விரிப்புத் தைத்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. அவருக்குத்தான் கொஞ்சம் மேல்மூச்சு வாங்குகிறது, டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார்.

நீ சொன்னதைச் சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான். என்ன ரகசியம் உங்களுக்குள்? மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் படகு வாங்கப் போகிறீர்களா? வாங்கினால் வீட்டுக்குள் விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். துறையில் உனக்கென்று ஒரு நாற்காலிக்கு வண்ணம் அடித்துக் காயவைத்திருக்கிறார். ஒரு கையால் அடித்ததால் பாதி வண்ணம் புல்மேல்.

வரும்போது கனமான கோட்டு எடுத்து வா.

வெர்னா


டாமராக் ஏரி
நவம்பர் 23, 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கார்டு கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அடக்கத்தன்று உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அக்டோபர் பதினொன்றாம் தேதி காலையில் ஆப்பிள் நறுக்க அவர் கத்தியை எடுத்தார். நான் பிடுங்கினேன். "இருக்குற ஒரு கையையும் வெட்டிக்கப் போறீங்களா? ஒண்ணு பத்தாதா?" என்றேன். சிரித்துவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். "லெஸ்டர் இந்த வாரமாவது வரானான்னு பாப்போம்" என்றார். முதல் வாரம் என்று எழுதியவன் நீ, வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி கொண்டுபோனேன். நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார், மூச்சு நின்றுபோயிருந்தது. தக்கை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அந்தப் பேச்சுதான்.

குழிக்குப் பக்கத்தில் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "பாவி மனுஷன், அந்தப் பொத்தானைக் கட்டாம இருந்திருக்கலாமே" என்று உன்மேல் சாய்ந்து அழுதேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்தில் வாய் வரவில்லை என்று நினைத்தேன்.

நேற்று அவர் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு புகையிலை டப்பா. அதற்குள் மெழுகுக் கயிறு, ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது, சுற்று இன்னும் கலையாமல் வளையல் மாதிரி இருக்கிறது. முடிச்சு தெரியவில்லை. நுனி சுற்றுக்குள் புதைந்திருக்கிறது. பக்கத்தில் உன் பூச்சி ஒன்றை வைத்துப் பார்த்தேன். நானும் அந்தக் கட்டுக் கட்டுவேன், வலப்பக்கமாக. ஆரினுக்கு அந்தக் கட்டே தெரியாது.

இது எந்தக் கயிறு அண்ணா? இதைக் கட்டியது யார்?

வெர்னா


லிவிங்ஸ்டன்
டிசம்பர் 2, 1958

வெர்னாவுக்கு,

நான்தான். இதோடு இருக்கும் கடிதத்தை எப்போதோ எழுதினேன், அனுப்பவில்லை. ஆரின் எனக்கு எழுதியதையும் வைத்திருக்கிறேன். சொல்லாதே என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். அதனால்தான் சொல்லவில்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

லெஸ்டர்


டாமராக் ஏரி
மே 30, 1959

லெஸ்டர்,

குளிர்காலத்தில் நீ போட்ட ஐந்து கடிதமும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுத உட்காருவேன், கை வராது. உனக்கும் அப்படித்தான் இருந்தது என்று எழுதியிருந்தாய்.

கயிற்றுக்காக உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது ஜனவரியிலேயே போய்விட்டது. எல்லோரும் கட்டினீர்கள், நீ அவிழ்க்க மறந்தாய். மறதி யாருக்கு இல்லை? அன்றைக்கே வந்து "நான்தான் வெர்னா" என்று சொல்லியிருந்தால் நாலு அறை விட்டிருப்பேன், ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டிருப்பேன். ஆரின் என் குணம் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். அதில் மட்டும் அவர் தப்பு.

ஆறாதது வேறு ஒன்று. அவர் சொல்லாதே என்றதால்தான் சொல்லவில்லை என்று எழுதினாய். அவர் கடிதத்தில் ஜூன் பதினைந்து என்று போட்டிருக்கிறது. உன் கடிதத்தின் தலையில் மே பதினான்கு என்று இருக்கிறது. எழுதி, மடித்து, உறையில் என் விலாசமும் போட்டிருக்கிறாய். தபால்தலை மட்டும்தான் ஒட்டவில்லை. அப்போது யார் உன்னைத் தடுத்தது?

அன்றிலிருந்து அவர் போன நாள்வரை எண்ணிப் பார்த்தேன். நூற்றைம்பது நாள். தபாலுக்கு நாலு நாள் கழித்தாலும் நூற்று நாற்பத்தாறு நாள் எனக்கு இருந்தது. அத்தனை வேண்டாம், ஒரு நாள் போதும். "என்னங்க, தெரியாம இத்தனை வருஷம் உங்களப் பேசிட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கோடை முழுக்க அவர் பலகைத் துறையில், நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலிலிருந்து என்னவெல்லாமோ கத்தினேன், இதைத் தவிர.

அவர் எனக்காகச் சொல்லாதே என்றார். நீ அதை உனக்காகப் பிடித்துக்கொண்டாய்.

இந்த வாரம் மறுபடியும் கூடு போட்டிருக்கிறது. அவர் கோலை எடுத்துக்கொண்டு நானே போனேன். உனக்கு வண்ணம் அடித்த நாற்காலியில் உட்கார்ந்தேன், அவருடையதில் உட்கார முடியவில்லை. இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் நாள் நூல் கழுத்தில் சுற்றியது, பையிலிருந்து கையை எடுக்காமலே பிரித்தேன். வெகுநேரம் ஆயிற்று. இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு பெரிய ஆண் மாட்டியது, கூட்டுக்குப் பக்கத்திலேயே திருப்பி விட்டுவிட்டேன்.

நீ கட்டிக் கொடுத்த பூச்சி ஒன்று சாயங்காலம் நாணலில் சிக்கி அறுந்துபோனது. இன்னும் பதினொன்று இருக்கிறது. அவை தீரும்வரை எனக்கு எழுதாதே. தீர்ந்ததும் நானே எழுதுகிறேன்.

வெர்னா